கதிரை என்னும் சொல்



வீட்டுக்கு விருந்தினர் ஒருவர் வந்தால், "வாருங்கோ, இருங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஒரு கதிரையை இழுத்துப் போடுவது நம்மவர் வழக்கம். இவ்வொரு செயலிலே இரண்டு சொற்கள் கலந்து நிற்கின்றன. ஒன்று "இரு" என்பது. இது சங்கச் செய்யுட்களில் வழங்கிய அதே பொருளில், அஃதாவது அமர்தல் என்னும் பொருளில், ஈழத்துப் பேச்சு வழக்கில் இன்றும் உயிரோடு இருப்பது. தமிழகத்தார் இவ்விடத்தில் "உட்காருங்கள்" என்பர். மற்றையது கதிரை என்பது. இது கடல் கடந்து வந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய வினையையும், நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்திறங்கிய பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி விருந்தினரை உபசரிக்கின்றோம். அவற்றுள் பின்னதன் வரலாற்றையே இன்று ஆராய எடுத்துக்கொண்டேன்.

கதிரை என்னும் சொல்லைத் தமிழகத்து நண்பர் ஒருவர் முதன்முறையாகக் கேட்டால் சற்றே திகைப்பார். அவருக்கு அது நாற்காலி. நமக்கோ நாற்காலி என்பது புத்தகத்திற் காணும் சொல். வீட்டிலும் பாடசாலையிலும் கந்தோரிலும் கல்யாணப் பந்தலிலும் கதிரைதான். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், கொழும்பு என்ற வேறுபாடின்றி ஈழத்தார் யாவருக்கும் இச்சொல் பொதுவானது. "கதிர்" என்னும் நல்ல தமிழ்ச் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பதனால், இதனைத் தமிழ்ச் சொல்லென்றே பலர் எண்ணியிருத்தலும் கூடும். உண்மை அதுவன்று. இது போர்த்துக்கேய மொழியில் "கதெயிரா" என ஒலிக்கும் சொல்லின் தமிழ் வடிவம்.

அந்நியச் சொல்லொன்று தமிழுக்குள் வரும்போது அது தமிழின் உடையை உடுத்துக்கொண்டே வரல் வேண்டும். வடமொழியில் ஆகாரத்தில் முடியும் சொற்கள் தமிழில் ஐகாரத்தில் முடியும் என்று நன்னூலார் விதி செய்திருக்கின்றார். மாலா என்பது மாலை ஆயிற்று. சபா என்பது சபை ஆயிற்று. கதா என்பது கதை ஆயிற்று. நன்னூலார் வாழ்ந்த காலத்தில் போர்த்துக்கேயர் இத்திசைக்கு வரவில்லை. ஆயினும் அவர் கண்ட விதி அவர்கள் மொழிக்கும் பொருந்துவதைக் காண்க. மெசா என்பது மேசை ஆயிற்று. வரண்டா என்பது விறாந்தை ஆயிற்று. வர்ணத்தைக் குறித்த தின்ரா என்பது தீந்தை ஆயிற்று. பின்னல் வேலைப்பாடமைந்த துணியோரம் ரேந்தை ஆயிற்று. அவ்வாறே கதெயிராவும் கதிரை ஆயிற்று. இலக்கணம் அறியாத கொத்தனும் தச்சனும் வேலைக்காரியுமே இச்சொற்களை முதலில் வாயில் எடுத்திருப்பர். அவர்கள் நன்னூலைக் கற்றவரல்லர். நன்னூலார்தாம் அவர்கள் நாவின் இயல்பைக் கற்றவர்.

இங்கு இன்னொரு செய்தியையும் சொல்லுதல் வேண்டும். கதிரை என்னும் ஒலி ஈழத்தவர் காதுக்குப் புதியதன்று. கதிர்காமத்தைக் கதிரை என்று சுருக்கி வழங்குதல் பண்டுதொட்டு உள்ள மரபு. கதிரைமலை, கதிரைவேலன் என்பன பக்தர் நாவில் நின்ற பெயர்கள். கதிரைமலைப் பள்ளு என்னும் ஈழத்துப் பிரபந்தமும் உண்டு. தமிழுக்கு அகராதி செய்து உதவிய ஈழத்தறிஞர் இருவர் கதிரைவேற்பிள்ளை என்னும் பெயரையே உடையவர்கள் என்பதும் நினைவுக்கு வருகின்றது. அவர்களுள் எவரையும் நாற்காலியோடு சேர்த்து நினைப்பாரில்லை! அந்நியச் சொல் வந்த காலத்தில் அதனை ஏற்பதற்கு இத்தகைய பழகிய ஒலியொன்று ஏற்கெனவே நாவில் இருந்தது. கதெயிரா என்பது கதேரை ஆகாமலும் கதெய்ரை ஆகாமலும் கதிரை என்றே நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

இனி, போர்த்துக்கேயருக்கு இச்சொல் எங்கிருந்து வந்தது? அவர்களுக்கும் இது இரவற் சொல்லே. இலத்தீன் மொழியில் கதேத்ரா என்று ஒரு சொல் உண்டு. இலத்தீனியர் அதனைக் கிரேக்கரிடமிருந்து பெற்றனர். கிரேக்கத்தில் "கதா" என்பது கீழே என்னும் பொருளது. "ஹெத்ரா" என்பது இருக்கை. கீழே அமர்வதற்குரிய இடம் என்பதே முழுச் சொல்லின் பொருள். உரோம நகரில் முதலில் அது சாய்ந்து இருப்பதற்கு வசதியான ஓர் ஆசனம். செல்வக் குடும்பத்துப் பெண்கள் அதனைப் பெரிதும் விரும்பினர். பின்னர் அமர்ந்து போதித்த ஆசிரியருடைய இருக்கைக்கு அது பெயராயிற்று. அதன்பின் கிறித்தவ சமயத்து மேற்றிராணியாரின் ஆசனத்தைக் குறித்தது. மேற்றிராணியாரின் ஆசனம் இருக்கும் பெருங்கோயிலுக்கு ஆங்கிலத்தில் கதீட்ரல் என்னும் பெயர் இதனாலேயே வந்தது. பாப்பரசர் தம் ஆசனத்தின் அதிகாரத்தோடு விசுவாசம், ஒழுக்கம் என்பன பற்றிச் செய்யும் தீர்ப்புப் பிழைபடாது என்று 1870 ஆம் ஆண்டில் வத்திக்கான் சங்கம் வரையறுத்தபோது, அத்தகைய கூற்றைக் குறிக்க "கதேத்ராவிலிருந்து பேசுதல்" என்னும் தொடரையே கையாண்டது.

ஒரு தாயின் பிள்ளைகள் பல ஊர்களுக்குச் சென்று பலவிதமாக வாழ்வதுபோல, இச்சொல்லும் நாட்டுக்கு நாடு வேறு கோலங்கொண்டது. பழைய பிரெஞ்சு மொழியில் அது தேய்ந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று "செயர்" ஆயிற்று. பிரெஞ்சிலேயே பாரிசு நகரத்தார் ரகரத்தைச் சகரமாக உச்சரித்த பழக்கத்தால் "ஷேஸ்" என்று இன்னொரு வடிவமும் தோன்றி, அதுவே இன்று அங்கே கதிரைக்குப் பெயராக நிற்கின்றது. இசுப்பானியரோ கதிரைக்கு வேறு சொல்லை வைத்துக்கொண்டு, "கதேரா" என்பதை இடுப்பு என்னும் உறுப்புக்குப் பெயராக்கிவிட்டனர். இருக்கும் பொருளின் பெயர் இருப்பவரின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது. கிழக்கிந்தியத் தீவுகளில், அம்போன் முதலிய இடங்களில் வழங்கும் மலாய் மொழியில் கதிரைக்குப் பெயர் "கதெரா". அவ்விடங்களுக்கும் போர்த்துக்கேயர் சென்றிருந்தனர். ஆகவே யாழ்ப்பாணத்துக் கதிரைக்கும் இலண்டனிலுள்ள செயருக்கும் அம்போன் தீவின் கதெராவுக்கும் பாட்டி ஒருத்திதான்.

இந்தியாவின் பெரும்பகுதியில் இப்பொருளுக்கு வழங்கும் சொல் வேறு குலத்தைச் சேர்ந்தது. இந்தியில் குர்சி, தெலுங்கிலும் கன்னடத்திலும் குர்ச்சி என்பன அரபு மொழியின் குர்ஸீ என்பதிலிருந்து பாரசீகத்தின் வழியாக வந்தவை. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 255 ஆம் வசனத்தை ஆயத்துல் குர்ஸீ என்று நம் முஸ்லிம் சகோதரர் போற்றுவர். அதிலுள்ள குர்ஸீ இச்சொல்லே. ஆங்கும் அது அதிகாரத்தைச் சுட்டும் அரியாசனமாகவே நிற்கின்றது. கிரேக்க வழியில் வந்தாலும் அரபு வழியில் வந்தாலும், இருக்கையும் அதிகாரமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை.

அப்படியாயின், போர்த்துக்கேயர் வருமுன் தமிழருக்கு இருக்கை இல்லையோ என்று ஒருவர் வினவலாம். இருக்கைக்குத் தமிழிலே பெயர்ப் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. இருக்கை, அணை, தவிசு, மணை, பலகை, பீடம், ஆசனம், முக்காலி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கட்டில் என்னும் சொல் இன்று படுக்கைக்கே உரியது. சங்க காலத்தில் அது அரசிருக்கையையும் குறித்தது. அரசு கட்டில் என்றும் முரசு கட்டில் என்றும் வழங்கினர். களைப்பு மிகுதியால் முரசு கட்டிலில் ஏறி உறங்கிவிட்ட மோசிகீரனார் என்னும் புலவரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்டாமல் கவரி கொண்டு வீசினான் என்ற செய்தியைப் புறநானூற்றால் அறிகின்றோம். இருக்கத் தகாத இருக்கையில் இருந்தவனுக்கு உரிய தண்டனை யாதென்பது அக்கதையினுள்ளே மறைந்து கிடக்கின்றது. புலவராதலின் அவர் தப்பினார்.

நம் நாட்டைப் பற்றிய பழங்கதைகளிலும் இருக்கைப் பூசல் ஒன்று உண்டு. மணியாலான ஓர் ஆசனத்துக்காக மகோதரன், சூலோதரன் என்னும் நாக அரசர் இருவர் போர்செய்ய எழுந்தனர் என்றும், அவர்கள் மாமனும் மருமகனும் என்றும், புத்தர் பெருமான் நாகதீபத்துக்கு எழுந்தருளி அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்றும் மகாவம்சம் கூறும். மணிமேகலையும் மணிபல்லவத்திலுள்ள தரும பீடிகையைப் பற்றி ஏறக்குறைய இதே கதையைச் சொல்கின்றது. மணிபல்லவத்தை நயினாதீவு என்று கொள்வார் பலர். அவர் கொள்கை சரியாயின், யாழ்ப்பாணத்துத் தீவகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கதைகளுள் ஒன்று, ஓர் ஆசனத்துக்காக உறவினர் இருவர் அடிபட்ட கதை என்றாகின்றது. இதனைக் கேட்டு வியப்புறுவோர் நம்மிடையே அதிகம் இருக்கமாட்டார்கள்.

ஆக, பெயரும் இருந்தது, பொருளும் இருந்தது. இல்லாதது யாது? நாட்டுமக்களின் வீட்டில், முதுகு சாய்த்து இருப்பதற்குரிய நான்கு கால் ஆசனம் இல்லை. மக்கள் நிலத்திலும் பாயிலும் திண்ணையிலும் மணையிலும் இருந்தனர். வெப்ப நாட்டில் மெழுகிய தரையைவிடக் குளிர்ச்சியான இருக்கை வேறில்லை. எனவே இது வறுமையின் அடையாளமன்று. ஆயின் முதுகு சாய்வுள்ள ஆசனம் இல்லாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது. 1660 ஆம் ஆண்டில் கண்டி அரசனாற் சிறைப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்ற உறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட தமது நூலில் கண்டி நாட்டு மக்களின் வீட்டுப் பொருள்களை விவரிக்கின்றார். சில மட்பாண்டங்கள், ஓரிரண்டு முக்காலி போன்ற இருக்கைகள் ஆகியவற்றைச் சொல்லி, அவ்விருக்கைகளுக்கு முதுகு கிடையாது என்றும், அரசனையன்றி வேறெவரும் முதுகுள்ள இருக்கையில் அமரலாகாது என்றும் குறிப்பிடுகின்றார். ஒரு மரச்சட்டம் மேலே நீண்டால் அது இராசத்துரோகம்! கதிரையின் முதுகு அக்காலத்தில் அத்துணைப் பெரிய விடயம்.

அந்த அரச வமிசத்தினர் பின்னர் அமர்ந்த ஆசனம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்ப்போம். 1693 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு ஒரு சிம்மாசனத்தை அன்பளிப்பாக அனுப்பினார். அது பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் காலத்துக் கதிரையின் அமைப்பைப் பின்பற்றிப் பொற்றகடு போர்த்துச் செய்யப்பட்டது. கண்டி மன்னர் 1815 வரை அதிலேயே கொலுவிருந்தனர். கண்டி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். 1934 இல் குளொஸ்ரர் கோமகன் அதனைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இன்று கொழும்பு நூதனசாலையிலே அதனைக் காணலாம். கைபிடியில் சிங்கம், மேலே சூரியன் என்று நம் நாட்டு அரசின் சின்னங்களை அது தாங்கியிருப்பினும், உருவத்தால் அது ஐரோப்பியக் கதிரையேயாம்.

போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டளவில் இலங்கையை அடைந்தனர். வெள்ளைக் கல்லைத் தின்று குருதியைக் குடிக்கும் மனிதர் துறைமுகத்தில் வந்திருக்கின்றனர் என்று கோட்டை மன்னனுக்கு அறிவித்தார்கள் என இராசாவலிய கூறுவதை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைக் கல் என்றது அவர்கள் உண்ட அப்பத்தை. போர்த்துக்கேய மொழியில் அதற்குப் பெயர் "பாவ்" என மூக்கொலியுடன் ஒலிக்கும். அதுவே நாம் காலையில் வாங்கும் பாண். யாழ்ப்பாண இராச்சியத்தை 1619 இல் பிலிப் தெ ஒலிவேரா கைப்பற்றினான். 1658 இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்திவிட்டனர். எண்ணிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய நேராட்சி நாற்பது ஆண்டுகளும் நிரம்பவில்லை. பின்வந்த ஒல்லாந்தர் ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் ஆண்டனர். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் நூற்றைம்பது ஆண்டுகள் ஆண்டனர். ஆயினும் வீட்டுப் பொருள்களின் பெயர்களிலே முதலில் வந்தவனின் கையே ஓங்கி நிற்கின்றது. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி, வாங்கு, துவாய், சப்பாத்து எல்லாம் அவன் வைத்துவிட்டுப் போனவை.

இதற்குக் காரணம், பொருளோடு சேர்ந்து முதலில் வந்த பெயரே அப்பொருளுக்கு நிலைக்கும் என்பது. ஒல்லாந்தன் வந்து அதே கதிரையைத் தன் மொழியில் "ஸ்தூல்" என்றபோது, அதற்கு ஏற்கெனவே நம்மிடம் ஒரு பெயர் இருந்துவிட்டது. இன்னுமொன்று: ஒல்லாந்தர் காலத்திலும் கடற்கரைப் பட்டினங்களிலே பல இனத்தவரும் தம்முட் பேசிக்கொண்டது பெரும்பாலும் திரிந்த போர்த்துக்கேய மொழியே. ஒல்லாந்தர் வீட்டு மகளிரும் வேலைக்காரரும் அதனையே பேசினர். மட்டக்களப்பிலே பறங்கியர் குடும்பங்களில் முதியவர் சிலர் அம்மொழியை இன்றும் பேசுகின்றனர். அச்சமூகத்தவர் பரம்பரையாகத் தச்சுத் தொழிலுக்கும் கொல்லுத் தொழிலுக்கும் பெயர்போனவர்கள் என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். கதிரையைச் செய்த கையும் கதிரை என்று சொன்ன வாயும் ஓரிடத்திலேயே இருந்தால் சொல் எளிதில் அழியுமா?

ஒல்லாந்தர் நமக்குச் சொல் எதுவும் தரவில்லை என்று எண்ணிவிடலாகாது. கந்தோர், நொத்தாரிசு, போஞ்சி முதலியன அவர்களுடையவை. வீட்டுத் தளபாடத்தில் அவர்களுக்குரிய பங்கு ஒரு சிறு பெட்டகம்: மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சி. நமது மேசையொன்றை உற்று நோக்குங்கள். மேசை போர்த்துக்கேயம். அதன் லாச்சி ஒல்லாந்தம். அதனைப் பூட்டித் திறக்கும் கருவிக்கோ நாம் வழங்கும் பெயர் திறப்பு. இது தூய தமிழ். தமிழகத்தில் இதற்கு நேர்மாறாக நிகழ்ந்திருப்பது வேடிக்கை. அவர்கள் திறப்பைச் "சாவி" என்பர். அது "ஷாவெ" என்னும் போர்த்துக்கேயச் சொல். கதிரைக்கோ நாற்காலி என்று தமிழ்ப்பெயர் வைத்திருக்கின்றனர். அவர்கள் அந்நியனுடைய சாவியை வாங்கிக்கொண்டு கதிரையைத் திருப்பி அனுப்பினர். நாம் கதிரையை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி அனுப்பினோம். எவர் தமிழ் தூயது என்ற வாதத்தில் இறங்குவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று. சிங்கள மக்களும் மேசய, அல்மாரிய, ஜனேலய என்று இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டனர். ஆயினும் கதிரைக்கு மாத்திரம் புட்டுவ என்னும் தம் சொல்லை விடவில்லை. ஒரே தீவில் ஒரே கப்பலிலிருந்து இறங்கிய பொருள்களுள் எதனை எவர் எடுத்தார், எதனை விடுத்தார் என்பதற்கு விதி வகுத்தல் அரிது.

அலுமாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் இலத்தீன் மூலம் அர்மாரியம். படைக்கருவிகளையும் பிற கருவிகளையும் வைக்கும் பேழை என்பது பொருள். வாளும் வேலும் வைத்த பெட்டி, புத்தகம் வைத்த பெட்டியாகி, இப்போது சேலை வைக்கும் பெட்டியாகிவிட்டது. அது நிற்க.

நாற்காலி என்னும் சொல்லை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அச்சொல்லுக்கு நாற்கால் விலங்கு என்றும் பொருள் உண்டு. நான்கு கால் கட்டிலுக்கும் மேசைக்கும் உண்டு. முதுகு என்னும் உறுப்பை அச்சொல் சுட்டவில்லை. கதிரையைக் கதிரையாக்குவது அதன் கால் அன்று, முதுகேயாம். 1916 ஆம் ஆண்டளவில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கினால், கதிரை என்று எழுதுவது இழுக்கென்று கருதி நாற்காலி என்று திருத்துவோர் நம்மிடையேயும் உண்டு. தமிழகத்துச் சஞ்சிகைகளைப் படித்துப் பழகிய இளைஞர் சிலர், கதிரை என்பது நாட்டுப்புறத்தார் பேச்சு என்று நாணுவதுமுண்டு. நாணத்துக்கு இடமில்லை. நன்னூல் விதிக்கு அமைந்து, நானூறு ஆண்டு வழங்கி, ஒரு நாட்டு மக்கள் யாவர்க்கும் பொதுவாகிய சொல்லை அந்நியச் சொல் என்று எவ்வாறு தள்ளுவது? சாய்மனைக் கதிரை என்று நாம் சொல்லும் தொடரைப் பாருங்கள். சாய்தல் தமிழ். மனை என்று ஒலிப்பது மணையின் திரிபாகலாம். கதிரை போர்த்துக்கேயம். மூன்றும் சேர்ந்து மதிய உணவின்பின் முற்றத்து வேப்பங்காற்றை வாங்கும் பொருளொன்றுக்குப் பெயராகின்றன. தோப்பில் முகம்மது மீரானுக்கு 1997 இல் சாகித்திய அக்கடமிப் பரிசைப் பெற்றுத் தந்த நாவலுக்குச் "சாய்வு நாற்காலி" என்று பெயர். அவர் யாழ்ப்பாணத்திற் பிறந்திருந்தால் அந்நூலின் பெயர் சாய்மனைக் கதிரை என்றே இருந்திருக்கும்.

பழைய இருக்கைச் சொற்களும் ஈழத்தில் இறந்துபடவில்லை. அவை வீட்டைவிட்டு வெளியேறிப் பதவி பெற்றுக்கொண்டன. பாராளுமன்றத்தில் உறுப்பினர் பெறுவது ஆசனம். பிரதேச சபையின் தலைவர் தவிசாளர். அச்சொல்லில் தவிசு வாழ்கின்றது. பல்கலைக்கழகத்தின் பிரிவு பீடம், அதன் தலைவர் பீடாதிபதி. கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரை முன்னோர் அக்கிராசனர் என்றனர். மேனாட்டிலே கதேத்ரா என்னும் சொல் ஆசிரியரின் இருக்கையிலிருந்து பேராசிரியரின் பதவியாக உயர்ந்ததுபோல, இங்கே பீடமும் தவிசும் உயர்ந்தன. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விபுலானந்த அடிகள் அமர்ந்தபோது, ஆங்கிலத்தில் அதனைத் தமிழ்க் கதிரை என்றே சொல்லியிருப்பர். தமிழில் அவ்வாறு சொன்னால் நகைப்புக்கிடமாகும். உயர்ந்த அலுவலுக்குப் பழஞ்சொல்லையும் அன்றாட அலுவலுக்குக் கதிரையையும் நம் மொழி பிரித்து வைத்திருக்கின்றது. ஆயினும் பதவி மோகத்தை இகழ வேண்டுமாயின், "கதிரைக்கு ஆசைப்படுகிறார்" என்றே சொல்கின்றோம். தவிசுக்கு ஆசைப்படுகிறார் என்பதில் அந்தக் காரம் இல்லை. 1994 ஆம் ஆண்டுத் தேர்தலில் பொதுசன ஐக்கிய முன்னணி கதிரையையே தன் சின்னமாகக் கொண்டது. சுவர்தோறும் கதிரை வரையப்பட்டது. சின்னம் வரைந்தவர்கள் முதுகை வரைய மறக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது இனிய செய்தியன்று. கண்டி அரசன் முதுகுள்ள இருக்கையைத் தனக்கே வைத்துக்கொண்டான் என்றால், யாழ்ப்பாணத்தார் வேறொரு சட்டத்தை எழுதாமலே நடத்தினர். கதிரை வீட்டுக்கு வந்தது. ஆனால் அதில் இருக்கும் உரிமை எல்லோருக்கும் வரவில்லை. தச்சன் வேம்பிலும் பலாவிலும் முதிரையிலும் கதிரை செய்து கொடுத்தான். அதே வீட்டுக்கு வேலைக்கு வந்த தாழ்த்தப்பட்ட சாதியினர் முற்றத்து நிலத்தில் இருத்தப்பட்டனர். பாடசாலைகளிலும் சில பிள்ளைகளுக்கு வாங்கு, வேறு சில பிள்ளைகளுக்கு நிலம் என்று இருந்தது. ஒரே ஆசிரியர், ஒரே பாடம். முழங்காலுக்குச் சற்று மேலான ஓரடி உயரமே வேறுபாடு.

"சம ஆசனம்" என்னும் சொற்றொடர் அக்காலத்திற் பிறந்தது. 1930 ஆம் ஆண்டளவில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டுமெனக் கல்விப் பகுதியினர் விதித்தபோது, யாழ்ப்பாணத்திற் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பெற்றோர் சிலர் பிள்ளைகளை மறித்தனர். பாடசாலைகள் சிலவற்றுக்குத் தீ வைத்தனர். கல்வியைத் தம் கண்ணினும் மேலாகப் போற்றிய ஒரு சமூகம், வாங்கின் உயரத்துக்காகப் பாடசாலையை எரித்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு சமத்துவத்தின் பக்கம் நின்றது. அவ்விளைஞருக்கு அது எளிய காரியமன்று. எதிர்த்து நின்றவர்களுள் அவர்களுடைய சுற்றத்தாரும் இருந்தனர். பின்னர் 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 21 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின்னும் தேநீர்க் கடைகளின் வாங்குகளில் இருந்து தேநீர் குடிக்கும் உரிமைக்காக வடபகுதியில் பலர் போராட வேண்டியிருந்தது. அறுபதுகளில் அப்போராட்டம் கடுமையாக நிகழ்ந்தது. அப்போராட்டங்களில் அடியுண்டவர்களுக்குக் கதிரை என்னும் சொல்லின் பொருள் கிரேக்க அகராதியில் உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

பழைய மரக்கதிரைகளின் வேலைப்பாட்டைப் பற்றித் தனியே ஒரு பேச்சு நிகழ்த்தலாம். மேற்குக் கரையில் மொறட்டுவைத் தச்சர் இத்தொழிலிற் பெயர்பெற்றவர்கள். சட்டத்தைச் சுற்றித் துளையிட்டு, பிரம்பை நாராகச் சீவி, ஆறு ஓட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் இழுத்து நெய்யும் முறை வெப்ப நாட்டுக்கே ஏற்றது. காற்று கீழிருந்து மேலே செல்லும். மூட்டைப் பூச்சியும் அவ்வழியே செல்லும் என்பது அதன் குறை. ஆண்டுக்கொருமுறை கதிரைகளை முற்றத்து வெயிலில் கவிழ்த்துப் போட்டு வெந்நீர் ஊற்றிய வீடுகள் பல. தோட்டத்துரைமார் பங்களாக்களில் இருந்த கதிரைக்குக் கைபிடி மிக நீளமாக இருக்கும். துரை தம் கால்களை அதன்மீது தூக்கி வைப்பதற்காக அவ்வாறு செய்தனர்.

இன்று இவற்றுள் பெரும்பாலானவை நூதனசாலைக்கும் பழம்பொருள் விற்பவரின் கடைக்கும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கதிரைகள் வந்திருக்கின்றன. ஒன்றன்மேலொன்றாக அடுக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வாடகைக்குக் கொண்டு போகின்றார்கள். அவற்றில் ஒன்று உயர்ந்ததும் ஒன்று தாழ்ந்ததும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே முதுகு. வண்டி வந்து நின்றதும், "கதிரை இறக்கப் பொடியங்களைக் கூப்பிடுங்கோ" என்று பந்தலுக்குள்ளிருந்து குரல் கேட்கும்.